டொம்மண்ணனின் மூன்றாவது பாட்டு

வலது உள்ளங்கையை ஸ்பீக்கரின் தாள் மீது லேசாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, டொம்மண்ணன் காத்திருக்கிறார். கடைக்குள் மழை பெய்கிறது. வெளியே நல்ல வெயில். மழை கேசட்டில் பெய்கிறது. யாரோ மர நாற்காலியில் சாய்கிறார்கள், அது முனகுகிறது. ஓர் ஆண் தொண்டையைச் செருமுகிறான். "வர்றான், வர்றான்" என்கிறார் டொம்மண்ணன், விருந்தாளியின் தலையைத் தெருமுனையில் கண்டுவிட்டவர் போல. நாற்பதாவது விநாடியில் அடியிலிருந்து அந்த பாஸ், தரையதிரும் கனத்த ஒலி, எழும்புகிறது. மேசையில் கிடக்கும் ஆணிகளும் வாஷர்களும் ஒருமுறை குதித்து உட்காருகின்றன.

கண்ணைத் திறக்கிறார். "தாங்கிருச்சு. இதுக்குத் தாங்கினா எதுக்கும் தாங்கும். எடுத்துட்டுப் போங்க."

ஸ்பீக்கரின் சொந்தக்காரருக்குத் திருப்தியில்லை. "ஒரு நல்ல பாட்டாப் போட்டுக் காட்டுங்களேன்."

"இது நல்ல பாட்டுதான்" என்கிறார் டொம்மண்ணன். கோபமில்லாமல்தான் சொல்கிறார். வந்தவர் சட்டைப்பையில் பணத்தைத் தேடுகிறார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். பெட்டிக்குள் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகுகள் உண்டு. அவற்றைச் சரியான இடத்தில் நிறுத்தியதும், நகர்ந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பார். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். ஆனால் டொம்மண்ணன் அதை ஒரு சத்தியம் போல வைத்திருக்கிறார். "சிவப்பு வச்சாச்சுன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் நானே கை வைக்க மாட்டேன்."

கிழிந்த ஸ்பீக்கருக்குப் புதுத் தாள் போடுவதும், கருகிய கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றுவதும் அவர் தொழில். கடை ஒரு பேருந்தின் பாதி நீளம். கூரையிலிருந்து பெரிதும் சிறிதுமாக ஸ்பீக்கர்கள் தொங்கும். நடுவில் நின்றால் ஊரே நம்மைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பது போல இருக்கும். பசை வாடை நிரந்தரம். பசை ஒட்டி ஒட்டி அவர் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. அடையாள அட்டைக்குக் கைரேகை எடுத்த அலுவலகத்தில் மூன்று முறை முயன்றுவிட்டு, "சார், நீங்க இருக்கீங்களா இல்லையா?" என்று கேட்டார்களாம். "இருக்கேன்னு சொல்லி ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன்" என்பார்.

டொம் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. தெரு வைத்தது. கடையிலிருந்து நாள் முழுக்க வரும் சத்தத்தையே அவருக்குச் சூட்டி, வயதுக்கு மரியாதையாக ஓர் 'அண்ணன்' சேர்த்துவிட்டார்கள்.

நான் அந்தக் கடைக்கு நேர் மேல் வீட்டில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புப் பார்ப்பவன். பிழை கண்ணில் பட்டால் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. கடைப் பலகையில் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு வருகிற ஜாதி. எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு: திருத்தியது தப்பு, பழையபடியே இருக்கட்டும் என்று சொல்ல, சொல்லின் அடியில் புள்ளி வைக்க வேண்டும். முப்பது வருடத்தில் அந்தப் புள்ளியை வைக்க எனக்கு மனம் வந்ததேயில்லை.

குடிவந்த மூன்றாம் நாள் சண்டை போடத்தான் கீழே இறங்கினேன். மேசை மேல் வைத்த தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. அடியில் ஒருவன் என்ன மொழி என்றே பிடிபடாமல், விளங்காத நிதானத்தில் பேசிக்கொண்டேயிருந்தான். அது பாட்டா, வசனமா, யாரையாவது மிரட்டுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்த டொம்மண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காந்து கேளுங்க தம்பி. நின்னுக்கிட்டுக் கேட்டா கோவம்தான் வரும்."

உட்கார்ந்தேன். இன்றைக்கும் அந்த ஸ்டூல் என்னுடையதுதான்.

அந்தக் கேசட் அவருக்குக் கிடைத்ததே ஒரு விபத்து. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கப்பலில் வந்திறங்கிய பழைய கார் ஒன்றின் டேப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கேசட் உள்ளே சிக்கி, நாடா குடல் போல வெளியே தொங்கியிருக்கிறது. மற்றவர்களாக இருந்தால் பிய்த்து எறிந்திருப்பார்கள். இவர் இரண்டு நாள் உட்கார்ந்து, நாடாவை நீவி, அறுந்த ஓரிடத்தை ஒட்டி, புதுக் கூட்டில் ஏற்றினார். பழைய கூட்டில் பேனாவால் எழுதியிருந்ததை எண்ணெய் தின்றுவிட்டிருந்தது. ஆகவே பாடியவனின் பெயர் தெரியாது. பாட்டுகளின் பெயர் தெரியாது. டொம்மண்ணனுக்கு அவன் 'நம்மாளு'. பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை.

எனக்குத் தெரிந்த இசை விமர்சகர் ஒருவரை ஒரு மதியம் கூட்டிவந்தேன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு அவர் சொன்னார்: அமெரிக்காவின் தெற்கு மூலைக்காரன், பேச்சின் இழுவையே காட்டிக்கொடுக்கிறது. அங்கே ஹிப்-ஹாப் பாடுகிற பலர் பெரிய கம்பெனி எதற்கும் போகாமல் வீட்டிலேயே பதிவு செய்து, சில நூறு கேசட் அடித்து, காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து விற்பார்களாம். மேல் வெளிச்சத்துக்கு வராமல் கைக்குக் கை மாறியே வாழ்கிற வகை. "இது எந்தப் பட்டியல்லயும் இருக்காது" என்றார். டொம்மண்ணன் தலையாட்டினார். "நானும் எந்தப் பட்டியல்லயும் இல்ல. அதான் ஒத்துப்போகுது."

அவர் ரசிக்கிற விதமே தனி. சொற்களை அவர் கேட்பதில்லை, இடைவெளிகளைக் கேட்கிறார். "இந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எவ்ளோ எடம் விட்டிருக்கான் பாருங்க. ஒரு கட்டில் போட்டுப் படுக்கலாம்." இரண்டாம் பாட்டில் ஒரு நாய் குரைப்பதை அழிக்காமல் விட்டிருக்கிறான். "வேற யாரா இருந்தாலும் வெட்டியிருப்பான். நாய்க்கும் அந்த வீட்ல பங்கு இருக்குன்னு நெனச்சிருக்கான்." ஆறாம் பாட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். "இங்க அவனுக்குச் சளி. அப்பவும் பாடியிருக்கான்." ஐந்தாம் பாட்டில், நாடா அறுந்து ஒட்டிய இடத்தில், ஒரு சொல் பாதியில் காணாமல் போகும். அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் தலையை லேசாகக் குனிந்துகொள்வார், மன்னிப்புக் கேட்பவர் போல.

எல்லாவற்றிலும் மூன்றாவது பாட்டுதான் அவர் உயிர். ஒற்றை முகப்பு விளக்கோடு ஒருவன் மழையில் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். வழியெல்லாம் அன்று நடந்ததைச் சொல்கிறான்: வேலையிடத்தில் பட்ட அவமானம், நண்பன் பேசாமல் போனது, செருப்பில் ஏறிய தண்ணீர். இடையிடையே ஒரு பெண் குரல் வருகிறது. பாடகியின் குரல் அல்ல. அவனுடைய அம்மாவைத்தான் சமையலறையிலிருந்து கூப்பிட்டு நிறுத்திப் பேசவைத்திருக்க வேண்டும். தாளத்துக்கு அரை அடி பிந்தித்தான் தொடங்குகிறாள். "லைட் இஸ் ஆன், லைட் இஸ் ஆன்... டேக் யுவர் டைம், கமான் ஹோம்." வாசல் விளக்கு எரிகிறது, அவசரப்படாமல் வா. அவ்வளவுதான். நான் இதை ஒருநாள் பெருமையாக மொழிபெயர்த்துச் சொன்னபோது, "வார்த்தை தெரியாது. அம்மாதான்னு தெரியும்" என்றார்.

இனி அண்ணியைச் சொல்லவேண்டும்.

அண்ணி குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கிறவராக இருந்தார். தண்ணீர் வராத ஊர் முழுவதும் எட்டு மணி நேரம் அவர் காதுக்குள் திட்டும். அவரும் சளைக்க மாட்டார். "நீங்க முதல்ல மூச்சு விடுங்க. விட்டீங்களா? இப்ப முதல்லேருந்து திட்டுங்க, எழுதிக்கறேன்" என்பாராம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அண்ணி அந்த வாயால் ஒரு குடும்பத்தையே பிழைக்க வைத்தவர். ஸ்பீக்கர் தாளில் சாப்பாட்டுக்கு வழி கிடைக்காத வருடங்களும் அவர்களுக்கு இருந்தன.

அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் தூக்கோடு கடைக்கு வருவார். வரும்போதெல்லாம் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். "கொழுந்தனார் இன்னும் பேசி முடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைவார். ஆமாம், கேசட்டில் பாடுகிறவன் அவருக்குக் கொழுந்தன். கணவன் சோறு போட்டுக் காப்பாற்றும் தம்பி. நான் ஸ்டூலில் இருந்தால் எனக்கும் ஒரு குத்து விழும். "மேல ஒரு கொழுந்தன், டேப்புல ஒரு கொழுந்தன். ரெண்டும் வேலைக்குப் போறதில்ல." பிறகு தூக்கைத் திறந்துகொண்டே, உதட்டைச் சுழித்து, இழுத்து இழுத்து, அந்த அம்மாவைப் போலவே பாடிக் காட்டுவார்: "லைட் இஸ் ஆன், லைட் இஸ் ஆன்..." அது பச்சைக் கிண்டல். இருபது வருடம், நாள் தவறாமல்.

நெயில் பாலிஷும் அவருடையதுதான். கைப்பையில் இருக்கும். "அந்தச் சிவப்பக் குடு" என்று இவர் கை நீட்டுவார். "என் நகத்துல வச்சதவிட ஒங்க திருகுல வச்சதுதான் அதிகம்" என்று சொல்லிவிட்டு எடுத்துக் கொடுப்பார்.

போன வருடம் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணியின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பாதிக்குமேல் திரும்பி வந்தன. பேச்சு வரவில்லை. எல்லாம் புரிகிறது, எல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழியில்லை. மிஞ்சியது ஒரே சொல்: "ஆமா." வேண்டும் என்பதற்கும் ஆமா, வேண்டாம் என்பதற்கும் ஆமா. தப்பான சொல் வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். உடனே நெற்றியில் அடித்துக்கொள்வார். அதைப் பார்க்க முடியாமல் நான் சில நாள் கீழே இறங்கவேயில்லை. அப்படி ஒளிந்துகொண்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனாள். தினமும் பன்னிரண்டரைக்குப் போன் செய்வாள். "அம்மா சாப்ட்டியாம்மா?" "ஆமா." "தூக்கம் வருதாம்மா?" "ஆமா." "என் மேல கோவமாம்மா?" "ஆமா." அப்புறம் நெற்றியில் அடிக்கும் சத்தம்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வாரம் இருமுறை வந்தார். "பேச்சு ஒரு வழியா வருது, பாட்டு வேற வழியா வருது. உங்க வீட்டுக்காரம்மாவுக்குப் பெரிய ரோடு அடைச்சுக்கிச்சு. சந்து வழியாக் கூட்டிட்டு வந்து பாக்கலாம். அவங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதையாவது போடுங்க" என்றார். அண்ணிக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளையெல்லாம் டொம்மண்ணன் வீட்டில் செல்போனில் தேடித் தேடிப் போட்டார். அண்ணி அழுதார். வாய் திறக்கவில்லை.

தனியாக வீட்டில் விடப் பயந்து, அவரைக் கடைக்கே கூட்டிவந்து உட்காரவைக்க ஆரம்பித்தார். மடியில் அந்தப் பழைய கைப்பை. பயிற்சி தொடங்கி ஐந்தாவது வாரம், கடைக்கு வந்த முதல் நாளே, யாருடைய ஸ்பீக்கரையோ சோதிக்க மூன்றாவது பாட்டைப் போட்டிருக்கிறார். நான் மேலே ஒரு சமையல் புத்தகத்தின் மெய்ப்பில் இருந்தேன். தரை வழியாக பாஸ் வந்தது, பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. கூடவே இன்னொரு குரல். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணி பாடிக்கொண்டிருந்தார். அதே சுழித்த உதடு, அதே பச்சைக் கிண்டல். "டேக் யுவர் டைம், கமான் ஹோம்." டொம்மண்ணன் உள்ளங்கையை ஸ்பீக்கரிலிருந்து எடுக்க மறந்து நின்றார். கண்ணிலிருந்து வழிந்தது தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆசையாகக் கேட்டதெல்லாம் எங்கோ போய்விட, வெறுத்து வெறுத்துக் கேலி செய்தது மட்டும் தங்கியிருக்கிறது. மனிதத் தலைக்குள் என்ன கணக்கு ஓடுகிறதோ, எனக்குப் புரியவில்லை.

பயிற்சிப் பெண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சொல்லை மாற்று, மெட்டை மாற்றாதே என்றார். காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்றாவது பாட்டு ஓட, அந்த அம்மா வருகிற இடத்தில் அண்ணி தன் சொற்களைப் போடுவார். "தண்ணி வேணும், தண்ணி வேணும்." "ஃபேனப் போடு, ஃபேனப் போடு." ஆறு வாரத்தில் பதினோரு வாக்கியம் சேர்ந்தது. ஒருநாள் பன்னிரண்டரைக்கு மகள் போன் செய்தபோது, பாட்டைப் பக்கத்தில் ஓடவிட்டு, அண்ணி பாடினார்: "எப்ப வர்ற, எப்ப வர்ற..." "இன்னொருதரம் பாடும்மா" என்றாள் மகள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த பாஸ் என் தம்ளரை ஆட்டாதா என்று ஏங்குகிறவனாக நான் மாறினேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இன்னொருவர் வாயைக் கெடுத்தேன்.

அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு கேசட் அகப்பட்டது. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் நான் முதல் பரிசு வாங்கிய முழக்கம். கேட்க என்னிடம் கருவியில்லை. கீழே எடுத்துப் போனேன். டொம்மண்ணனின் டெக்கில், அந்தக் கேசட் ஓடும் பெட்டியில், நம்மாளு தவிர வேறு கேசட் ஏறியதே கிடையாது, அன்றுதான் முதல்முறை. இருபது வயது நான், எருமை போன்ற குரலில், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"நல்ல கனமான குரல் தம்பி ஒங்களுக்கு அப்ப" என்றார் டொம்மண்ணன்.

"என் குரல் இப்படி இல்லண்ணே. கீச்சுக்குரல்னு கேலி பண்ணுவாங்க. ஒங்க பெட்டி மெதுவா ஓடுது, அதான் இப்படிக் கனக்குது."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் பிழை கண்ணில் பட்டுவிட்டதே. டொம்மண்ணன் முகம் சுருங்கியது. குப்பையில் வந்த இரண்டு கருவிகளில் ஒன்றின் உடலும் மற்றொன்றின் மோட்டாருமாக அவர் சேர்த்துக் கட்டிய டெக் அது. நம்மாளு எப்படி ஒலிக்கவேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு என்ன இருந்தது? முதலில் கேட்ட வேகமே அவன் வேகம் என்று இருபத்திரண்டு வருடம் நம்பிவிட்டார். "ஊரான் பொட்டியையெல்லாம் பாத்தேன், என் பொட்டியப் பாக்கலையே" என்றார். அப்புறம் அண்ணியைக் காட்டி, "இவளுக்காவது சரியான பாட்டு கெடைக்கணும்ல" என்றார்.

அன்றே பிரித்தார். மோட்டார் பட்டையை மாற்றினார், நாடா உரசும் ஹெட்டைத் துடைத்தார். ஒரே விசில் மட்டும் பதிவான சோதனைக் கேசட்டைப் போட்டு, வேகம் காட்டும் மீட்டரில் எண் ஒழுங்காக நிற்கும் வரை மோட்டாரின் பின்புறமிருந்த சிறுதிருகைத் திருப்பினார். பிறகு நம்மாளைப் போட்டார்.

மழை வந்தது. நாற்காலி வந்தது. தொண்டையைச் செருமியது ஒரு சின்னப் பையன். பத்தொன்பது, மிஞ்சினால் இருபது. இத்தனை நாள் ஐம்பது வயது ஆள் அசைபோட்டுச் சொன்ன கதையை இவன் மூச்சிரைக்கச் சொன்னான். அம்மாவுக்கே நாற்பதைத் தாண்டவில்லை. "யாருப்பா இது?" என்றார் டொம்மண்ணன் மெல்ல.

எனக்கு அதுவும் பிடித்திருந்தது என்பதை மறைக்கக்கூடாது. அவசரக்காரப் பையன் ஒருவன் நனைந்துகொண்டு வீட்டுக்கு விரைகிறான். மெதுவாக வா என்று அம்மா சொல்வதற்கு இப்போதுதான் அர்த்தம் முழுசாக இருந்தது. அந்தப் பையன் நினைத்துச் செய்த பாட்டு இதுதான். நியாயமாகப் பார்த்தால் இதைத்தான் ரசிக்கவேண்டும்.

டொம்மண்ணன் அண்ணியிடம் கை நீட்டினார். "அந்தச் சிவப்பக் குடு." அண்ணி கொடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டார். களைப்பாக இருக்கிறார் போலும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலைப் பயிற்சியில் அம்மாவின் இடம் வந்தது. அண்ணி வாயைத் திறந்தார். "த..." அதற்குள் அந்த இடம் போய்விட்டது. மதியமும் அப்படியே. ஓடும் பேருந்தில் ஏறக் கால் தூக்கித் தூக்கி, ஏறமுடியாமல் நிற்பவர் போல இருந்தது. "ரெண்டு நாள்ல பழகிக்குவா" என்றார் டொம்மண்ணன். மூன்றாம் நாள் அண்ணி வாயே திறக்கவில்லை. பன்னிரண்டரைக்கு வந்த போனில், "நல்லா இருக்கியாம்மா?" என்றதற்கு "ஆமா" என்றார். "எப்ப வர்றன்னு கேளும்மா" என்று மகள் கெஞ்சினாள். "ஆமா" என்றார். பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பயிற்சிப் பெண் வந்து பார்த்தார். உடம்பில் புதிதாக ஒன்றுமில்லை என்றார். "ஒருதரம் விட்டுப்போச்சுன்னா மறுபடி பிடிக்கறது கஷ்டம். சீக்கிரம் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணே, பழையபடியே வச்சிருங்களேன்" என்றேன். சொன்ன வாய்தானே திரும்பவும் சொல்லவேண்டும்.

டொம்மண்ணன் திருப்புளியை எடுத்துத் துணியில் துடைத்தார். "நாப்பது வருஷமாச்சு தம்பி. கெட்டுப்போனத சரி பண்ணச் சொல்லித்தான் எல்லாரும் வர்றாங்க. சரியா ஓடுறதக் கெடுத்துக் குடுன்னு ஒருத்தரும் வந்ததில்ல. என் கை அதுக்குப் பழகலை." பிறகு அதைவிடத் தாழ்ந்த குரலில், "அந்தப் பையன் பாவம். இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் அவன் குரல்ல பேசுறான்" என்றார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. முகம் தெரியாத ஒருவனுக்கு இருபத்திரண்டு வருடமாக அண்ணனாக இருந்தவர் அவர்.

நான்காம் நாள், பன்னிரண்டு மணி. டொம்மண்ணன் டெக்கின் பின்மூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அண்ணியின் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்தார். வலது கையில் மெல்லிய திருப்புளி. இடது உள்ளங்கையை, ஸ்பீக்கர் தாளில் வைக்கும் அதே மென்மையோடு, அண்ணியின் முதுகில் தோள்களுக்கு நடுவே வைத்தார். கண்ணை மட்டும் மூடவில்லை. மீட்டரைப் பார்க்கவுமில்லை. அண்ணியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஓடியது. திருகை ஒரு மயிரிழை திருப்பினார். பையனுக்கு இருபத்தைந்து வயதானது. அம்மாவின் இடம் வந்து போயிற்று. அண்ணி அசையவில்லை. நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார். இன்னொரு மயிரிழை. முப்பத்தைந்து. மழை கனத்தது. அண்ணியின் புருவம் நெரிந்தது. மறுபடி பின்னுக்கு. நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்திருந்தேன். எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன், ஒன்றிரண்டு தெரியாததையும் சேர்த்து.

ஐந்தாவது முறை தொண்டையைச் செருமியது பழைய நம்மாளு. நாற்காலி பழையபடி நீளமாக முனகியது. பாஸ் எழும்பி வாஷர்கள் குதித்தன. அந்த அம்மா, வயதாகி, தளர்ந்து, அரை அடி பிந்தி வந்தாள். அவளுக்கும் பின்னால் ஒரு கால் அடி பிந்தி, உதட்டைச் சுழித்து, அண்ணி வந்தார்.

"எப்ப வர்ற... எப்ப வர்ற..."

டொம்மண்ணன் திருகிலிருந்து திருப்புளியை எடுத்தார், தூங்கும் குழந்தையின் அடியிலிருந்து கையை உருவுவது போல. மீட்டரில் எண் நிற்கக்கூடாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார், திருகையும் பார்த்தார். கை தன்பாட்டில் அண்ணியின் பக்கம் நீளப்போய்ப் பாதியில் நின்றுவிட்டது. போன தடவை மறுக்கப்பட்ட கை. கேட்கக் கூசினார்.

பன்னிரண்டரைக்குப் போன் அடிக்கத் தொடங்கியது. அண்ணி அதை எடுக்கவில்லை. மடியிலிருந்த பையின் ஜிப்பை இடது கையால் இழுத்துத் திறந்தார். உள்ளே துழாவினார். சிவப்புக் குப்பியை எடுத்து மேசை மேல் படுக்கவைத்து, தன் வலது கையை, அந்தப் பாதிக் கையைத் தூக்கிக் கொண்டுவந்து, ஒரு விரலால் தள்ளினார். குப்பி ஆணிகளுக்கு நடுவே உருண்டு போய், டொம்மண்ணனின் விரலில் முட்டி நின்றது.